கூலி இல்லை; ஆனால் கணக்கு உண்டு!

(மதுரை பரவையில், தன்னார்வப் பேச்சாளர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விடியலுக்கு முன்பே மார்க்கெட்டில் மூட்டை இறக்கிவிட்டு, குளித்துவிட்டு நேராக இங்கே வந்தவர்கள் இருக்கிறீர்கள். கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறீர்கள். விடுமுறை நாளில் தூக்கத்தை விட்டு எழுந்து வந்த கல்லூரி மாணவர்கள் இருக்கிறீர்கள். நமது பகுதியில் நடக்கவிருக்கும் ஒருநாள் கற்றல் அரங்கில் ஆளுக்கு ஓர் அமர்வை நடத்தித் தருவதாக நீங்களாகவே பெயர் கொடுத்திருக்கிறீர்கள். இதற்குக் கூலி கிடையாது. பயணப்படி கிடையாது. பொன்னாடையும் கிடையாது. அல்லாஹ் உங்கள் எண்ணத்தை ஏற்றுக்கொள்வானாக!

ஆனால் ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். 'சும்மா செய்கிற வேலைதானே, தோன்றியதைப் பேசிவிட்டு வரலாம்' என்ற நினைப்பு யாருக்காவது இருந்தால், அதைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றி வைத்துவிடுங்கள்.

நீங்கள் கூலி வாங்கவில்லை, உண்மைதான். ஆனால் உங்கள் முன்னால் உட்காருகிறவர் ஒன்றைக் கொடுக்கிறார். தன் ஆயுளில் 45 நிமிடங்களைக் கொடுக்கிறார். 30 பேர் உட்கார்ந்தால் 1,350 நிமிடங்கள். அதாவது 22 மணி நேரத்துக்கும் மேல்! ஏறத்தாழ ஒரு முழு நாளை உங்கள் கையில் அமானிதமாகக் கொடுக்கிறார்கள். அமானிதத்துக்குக் கணக்கு உண்டா இல்லையா? சிந்தித்துப் பாருங்கள்!

நமக்கு இது புதிதல்ல

மாநாடு என்றாலே கொடி, ஊர்வலம், ஒலிபெருக்கி, நள்ளிரவு வரை முழக்கம் என்று நாம் பழகிவிட்டோம். அதற்கும் தேவை உண்டு. உரிமையைக் கேட்க வேண்டிய இடத்தில் குரலை உயர்த்தத்தான் வேண்டும். ஆனால் கற்றுக்கொடுப்பதற்கு உரத்த குரல் உதவாது. அதற்கு வேறு பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் நம்மிடம் இருந்ததுதான்.

1973-ல் திருச்சி ஜமால் முகமது கல்லூரியில் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு கூடியது. பிறகு 1978-ல் காயல்பட்டினத்திலும், 1979-ல் கொழும்பிலும், 1990-ல் கீழக்கரையிலும் கூடியது. அறிஞர்கள் கட்டுரை எழுதிக்கொண்டு வந்து சபையில் வைத்தார்கள். இதோ இந்த நாகமலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில், இலங்கையைச் சேர்ந்த பேராசிரியர் உவைஸ் அவர்கள் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கான பேராசிரியராகப் பணியாற்றினார். அவரும் பேராசிரியர் அஜ்மல்கானும் சேர்ந்து எழுதிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு பல தொகுதிகளாக அங்கிருந்துதான் வெளிவந்தது. நமது வாசலுக்குப் பக்கத்தில் நடந்த வேலை இது.

அது அறிஞர்களின் வேலை, நாங்கள் சாமானியர்கள் என்று சொல்வீர்கள். சாமானியர்கள் செய்த வேலையையும் சொல்கிறேன். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்ததே, மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பள்ளிப் படிப்பை முடித்த பையன்களும் பெண்களும் மாலையில் தெருவிளக்கின் அடியில் உட்கார்ந்து, தங்களைவிட வயதில் மூத்தவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். சம்பளம் கிடையாது. புதுக்கோட்டை மாவட்டத்தில் அந்த வகுப்புகளுக்கு வந்த பெண்கள் எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டதை நாடே பேசியது. கற்றுக்கொடுத்தவர்கள் யாரும் பேராசிரியர்கள் அல்லர். தங்களுக்குத் தெரிந்ததைப் பக்கத்து வீட்டாருக்குச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

அறிஞர் சபையின் ஆழமும் வேண்டும், அறிவொளியின் எளிமையும் வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்துப் பல ஆண்டுகளாக நடத்திப் பழகியவர்கள் உலகத்தில் யாராவது உண்டா என்று பார்த்தால், உண்டு. பெயரைச் சொன்னால் சிலர் முகம் சுளிக்கலாம். யூதர்கள்!

யாரிடம் கற்பது?

பாலஸ்தீனத்தில் நடக்கும் அநியாயத்தை நாம் கண்டிக்கிறோம், இனியும் கண்டிப்போம். அது ஓர் அரசு செய்கிற செயலைப் பற்றிய வழக்கு. இங்கிலாந்தில் யூதக் குடும்பங்கள் விடுமுறையில் ஒன்றுகூடி வேதமும் வரலாறும் படிப்பது வேறு விஷயம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவன் இரண்டையும் விளங்கமாட்டான்.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களிடம் யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளும்படி கட்டளையிட்டார்கள். அவர் அரை மாதத்திற்குள் கற்றுத் தேர்ந்து, அவர்களுக்குக் கடிதம் எழுதவும் அவர்களிடமிருந்து வரும் கடிதத்தைப் படித்துக் காட்டவும் செய்தார். பயனுள்ளதைக் கற்பதற்கு வெட்கப்படுவது நமது மரபு அல்ல. யூதர்கள் நமக்குக் கண் காணாத மக்களும் அல்லர். பக்கத்து மாநிலத்தில், கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டப்பட்ட யூத ஆலயம் இன்றும் நிற்கிறது. மிளகு வியாபாரத்தில் நமது முன்னோரும் அவர்களும் ஒரே கரையில் நின்றவர்கள்.

அவர்களுடைய அந்த மாநாட்டுக்கு 'லிம்முத்' என்று பெயர். ஹீப்ரு மொழியில் 'கற்றல்' என்று பொருள். அதே வேரிலிருந்து பிறந்ததுதான் அவர்கள் மாணவனுக்குச் சொல்லும் 'தல்மீத்'. நாம் மதரஸாவில் மாணவனை 'தில்மீத்' என்கிறோமே, அதற்கும் இதற்கும் உறவு உண்டு.

1980-ல் பிரிட்டனில், கல்விப் பணியில் இருந்த ஒரு சிலர் இதைத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் யூத ஆசிரியர்கள் கூடிய மாநாடு ஒன்றைப் பார்த்து வந்த ஆர்வம் அவர்களுக்கு. டிசம்பர் கடைசி வாரம் அந்த நாட்டில் விடுமுறை. அந்த வாரத்தில் கூடுவார்கள். சிறிதாகத் தொடங்கியது, 2,000 பேருக்கு மேல் வரும் அளவுக்கு வளர்ந்தது. 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் இதே முறையில் அவரவர் ஊரில் நடத்தும் அளவுக்குப் பரவியது.

எப்படி நடக்கிறது? காலையிலிருந்து இரவு வரை, ஒரே நேரத்தில் பல அறைகளில் பல அமர்வுகள். ஓர் அறையில் வேத வசனம், அடுத்த அறையில் வரலாறு, இன்னொன்றில் இசை, வேறொன்றில் சமையல் அல்லது அரசியல். எந்த அறைக்குப் போவது என்பது வருகிறவரின் விருப்பம். ஏற்பாடு செய்கிறவர்கள் தன்னார்வலர்கள். பேசுகிறவர்களுக்கு அதற்கென்று கட்டணம் கிடையாது. எல்லோரும் மாணவர், யாரும் ஆசிரியர் ஆகலாம் என்பது அவர்களுடைய கொள்கை. இந்த மணி நேரம் கற்பித்தவர் அடுத்த மணி நேரம் இன்னொருவர் முன்னால் மாணவராக உட்காருகிறார்.

இந்த முறையிலிருந்து நமக்கு வேண்டியதை எடுத்து, நமது ஊருக்குத் தக்கபடி எட்டு விஷயங்களாகச் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

1. மூட்டையின் மேலே உள்ளதே அடியிலும் இருக்கட்டும்

உங்கள் அமர்வுக்கு ஒரு தலைப்பும் நான்கு வரி விளக்கமும் எழுதித் தர வேண்டும். பல அறைகள் இருப்பதால் அதைப் பார்த்துத்தான் ஆள் வருவார்கள். மேலே நல்ல தானியத்தையும் அடியில் நனைந்ததையும் வைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி வியாபாரிகளான உங்களுக்குத் தெரியும். தலைப்பிலும் அந்த மோசடி நடக்கக் கூடாது. 'வெற்றியின் ரகசியம்' என்று போட்டுவிட்டு உங்கள் கடை எப்படி வளர்ந்தது என்று பேசினால் அது கலப்படம்.

தலைப்பு சிறிதாக இருக்கட்டும். 'வட்டி' என்பது 45 நிமிடத்தில் அடங்காது. 'கடன் கொடுக்கும்போது எதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும்?' என்பது அடங்கும். குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. அந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு, நமது கடைகளில் துண்டுச் சீட்டிலும் வாய்ச்சொல்லிலும் ஓடும் கடன்களைப் பேசினால் ஓர் அமர்வு நிறைந்துவிடும்.

இதே போல 'இடஒதுக்கீடு' என்று போடாதீர்கள். 'தமிழ்நாட்டின் 3.5 சதவீதம்: சான்றிதழ் வாங்குவது முதல் கல்லூரி விண்ணப்பம் வரை' என்று போடுங்கள். 2007-ல் வந்த அந்த உள்ஒதுக்கீடு பிற்படுத்தப்பட்டோருக்கான 30 சதவீதத்துக்குள் இருக்கிறது என்பதும், லெப்பை பிரிவில் ராவுத்தரும் மரைக்காயரும் அடங்குவர் என்பதும், மத்திய அரசு வேலைக்கு இந்த 3.5 பொருந்தாது, அங்கே ஓபிசி சான்றிதழ் தனி என்பதும் எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? மேடையில் இடஒதுக்கீட்டுக்காக முழங்கிய ஊரில், சான்றிதழில் ஒரு சொல் மாறியதால் ஒரு பையனின் இடம் போகக் கூடாது அல்லவா?

2. கையில் ஒரு தாள் கொடுங்கள்

யூதக் கற்றல் அமர்வுகளில் பேசுகிறவர் வெறும் வாயோடு வருவது குறைவு. எந்த வசனத்தை, எந்த நூலின் பகுதியைப் பற்றிப் பேசப் போகிறாரோ அதை ஒரு தாளில் நகல் எடுத்து எல்லோர் கையிலும் கொடுக்கிறார். மூல மொழியும், பக்கத்திலேயே ஆங்கிலமும் இருக்கும். ஹீப்ரு படிக்கத் தெரியாதவர் கூச்சப்படத் தேவையில்லை.

இதில் பெரிய நியாயம் இருக்கிறது. தாள் கையில் இருந்தால் கேட்பவர் உங்களைச் சரிபார்க்க முடியும். 'இப்படித்தானே இங்கே இருக்கிறது, நீங்கள் வேறு மாதிரி சொல்கிறீர்களே' என்று கேட்க முடியும். எடையை வாடிக்கையாளர் பார்க்கும்படி தராசைத் திருப்பி வைக்கிற வியாபாரி யார்? நேர்மையானவன்தானே!

ஒரே ஒரு பக்கம் போதும். எழுத்து பெரிதாக இருக்கட்டும், கண்ணாடி மறந்து வந்த பெரியவரும் படிக்க வேண்டும். அரபி வசனம் இருந்தால் பக்கத்தில் தமிழ். எந்த நூல், எத்தனையாவது வசனம் என்ற குறிப்பு. சட்டம் என்றால் சட்டத்தின் பெயரும் ஆண்டும். கணக்கு என்றால் ஒரு மாதிரிக் கணக்கு. கைபேசியில் அனுப்பிவிடலாமே என்பீர்கள். அனுப்புங்கள், ஆனால் தாளும் கொடுங்கள். கைபேசியைத் திறந்தவர் உங்கள் தாளில்தான் இருக்கிறாரா, வேறெங்கோ போய்விட்டாரா என்பது உங்களுக்குத் தெரியாது.

தாளைக் கொடுத்ததும் உடனே பேச ஆரம்பிக்காதீர்கள். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து படித்துப் பார்க்க ஐந்து நிமிடம் விடுங்கள். யூத மாணவர்கள் இரண்டு பேராக உட்கார்ந்து ஒருவரோடு ஒருவர் வாதிட்டுப் படிப்பதை ஒரு முறையாகவே வைத்திருக்கிறார்கள். மதரஸாவில் ஓதிய எங்களுக்கு இது அன்னியம் அல்ல. உஸ்தாத் நடத்திய பாடத்தை இரவில் மாணவர்கள் கூடி ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்ப்பதை நாங்கள் 'தக்ரார்' என்போம். பாடம் மனதில் பதிவது அங்கேதான்.

3. நேரம் உங்களுடையது அல்ல

45 நிமிடத்தை இப்படிப் பிரியுங்கள். இன்று எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்று சொல்ல 5 நிமிடம். தாளைப் படிக்க 5 நிமிடம். நீங்கள் விளக்க 15 நிமிடம். கேள்விக்கும் கலந்துரையாடலுக்கும் 15 நிமிடம். முடிவாக, வீட்டுக்குப் போய்ச் செய்ய வேண்டியதைச் சொல்ல 5 நிமிடம். உங்கள் பேச்சு மொத்தத்தில் ஏறக்குறைய பாதிதான் என்பதைக் கவனியுங்கள்.

வீட்டில் கடிகாரத்தை வைத்து ஒரு முறை பேசிப் பாருங்கள். 15 நிமிடத்துக்கு என்று தயாரித்தது 30 நிமிடம் ஓடும். பாதியை வெட்டுங்கள். வெட்ட மனம் வராது, ஆனாலும் வெட்டுங்கள். 'இன்னும் ஒரே ஒரு விஷயம்' என்று சொல்லி நீங்கள் எடுக்கும் பத்து நிமிடம் யாருடையது? அடுத்த அமர்வை நடத்த வாசலில் காத்து நிற்கும் சகோதரருடையது. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய சகோதரியுடையது. மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவில் நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். அதில் ஒரு அமர்வுக்கு மேல் திணிக்காதீர்கள்.

வழிபாட்டு நேரத்தை வைத்துத்தான் அவர்களும் திட்டமிட வேண்டியிருக்கிறது. சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள். பேணுதலாக இருப்பவர்கள் அன்று எழுதமாட்டார்கள், மின்கருவிகளை இயக்கமாட்டார்கள். அந்த நாளில் பேசுகிறவர் படக்கருவி இல்லாமல், கரும்பலகை இல்லாமல் பாடம் நடத்தத் தயாராக வர வேண்டும். இதை நீங்களும் பழகுங்கள். மதுரையில் மின்சாரம் எந்த நேரமும் நிற்கலாம். கம்ப்யூட்டர் நின்றால் உங்கள் பாடமும் நின்றுவிடக் கூடாது.

4. நாலு பேர் வந்தாலும் நானூறு பேர் வந்தாலும்

பல அறைகள் இருக்கும் அரங்கில் உங்கள் அறைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பக்கத்து அறையில் கூட்டம் நிறைந்திருக்கும். உங்கள் அறையில் நான்கு பேர் இருப்பார்கள். அப்போது முகம் வாடக் கூடாது. 'ஆள் வரவில்லையே' என்று வந்தவர்களிடம் குறைப்படுவது, வந்த விருந்தாளியிடம் வராத விருந்தாளியைப் பற்றிப் புலம்புவது போல. மேசையை ஒதுக்கிவிட்டு நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். மைக் வேண்டாம். நான்கு பேரோடு நடக்கும் பாடம்தான் ஆழமாகப் போகும்.

நடுவில் யாராவது எழுந்து போனால் கோபப்படாதீர்கள். அவருக்கு வேண்டியது அடுத்த அறையில் இருக்கலாம். தொழுகை இருக்கலாம். குழந்தை அழுதிருக்கலாம்.

5. பட்டங்களை வாசலில் வையுங்கள்

அந்த மாநாட்டில் சட்டையில் குத்தும் அட்டையில் பெயர் மட்டும்தான் இருக்கும். ரப்பி, பேராசிரியர், டாக்டர் என்ற எதுவும் இருக்காது. நமது சுவரொட்டிகளை நினைத்துப் பாருங்கள்! பேச்சாளரின் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், அதற்கு முன்னால் மூன்று வரி பட்டங்கள். கூட்டம் தொடங்கி முதல் முக்கால் மணி நேரம் வரவேற்பு, முன்னிலை, சால்வை. பேச வேண்டியவர் எழுந்திருக்கும்போது கேட்க வேண்டியவர் கிளம்பியிருப்பார்.

'ஹஜ்ரத்தைப் பெயர் சொல்லியா கூப்பிடுவது?' என்று யாரும் பதற வேண்டாம். கூப்பிடும்போது நமது வழக்கப்படி மரியாதையோடுதான் கூப்பிடுவோம். பெரியவரை அத்தா என்போம், அண்ணன் என்போம். ஆனால் அட்டையில் பெயர் மட்டும். காரணம் இதுதான்: பட்டத்தைப் பார்த்தால் ஒரு கல்லூரி மாணவன் கேள்வி கேட்கத் தயங்குவான். பட்டம் இல்லாத ஒரு கமிஷன் மண்டிக்காரர் தனக்குத் தெரிந்ததைச் சொல்லத் தயங்குவார். சரக்கின் தரம் பார்ப்பது, கடன் கொடுக்க ஆள் பார்ப்பது, நஷ்டத்திலிருந்து மீள்வது என்று 30 வருடம் கற்ற பாடம் அவரோடேயே மண்ணுக்குள் போய்விடுகிறது. அதைக் கேட்டிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய எத்தனை இளைஞர்கள் முதலைத் தொலைத்துவிட்டு நிற்கிறார்கள்! இது சமுதாயத்தின் நஷ்டம் இல்லையா?

சகோதரிகளுக்கும் இதே பேச்சுதான். குடும்ப வரவு செலவு, குழந்தை நோய், பெண் பிள்ளையின் மேற்படிப்பு என்று உங்களுக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியாது. 'பெண்களுக்காக ஓர் அமர்வு' என்று ஓரத்தில் ஒன்றை ஒதுக்குவதோடு நாங்கள் நிறுத்தினால், இழப்பு எங்களுக்குத்தான்.

6. 'தெரியாது' என்ற சொல்லை எடுத்துச் செல்லுங்கள்

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் தொலைதூரத்திலிருந்து வந்தவர் அடுக்கடுக்காகக் கேள்வி கேட்டபோது, பெரும்பாலானவற்றுக்குத் தெரியாது என்றே பதில் சொன்ன செய்தி பிரபலமானது. மதீனாவின் இமாமுக்கு அந்தச் சொல் கனக்கவில்லை. நமக்கு ஏன் கனக்க வேண்டும்? 'தெரியாது, பெயரையும் எண்ணையும் எழுதிக் கொடுங்கள், கேட்டுச் சொல்கிறேன்' என்று சொல்லுங்கள். சொன்னபடி ஒரு வாரத்துக்குள் பதில் போய்ச் சேரட்டும். அங்கேதான் உங்கள் நாணயம் இருக்கிறது.

இன்னொரு எல்லையும் உண்டு. மார்க்கத் தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலை அல்ல. ஜகாத் அமர்வை ஒரு வியாபாரி நடத்தலாம். வருடக் கடைசியில் இருப்பு எடுப்பது எப்படி, வர வேண்டிய பாக்கியைப் பிரித்து எழுதுவது எப்படி, நாற்பதில் ஒரு பங்கு கணக்குப் போடுவது எப்படி என்று அவர் சொல்வதைப் போல எந்த ஆலிமும் சொல்ல முடியாது. ஆனால் 'சரக்கை வாங்கிய விலைக்கு மதிப்பிடுவதா, இன்றைய விலைக்கா? வராத கடனுக்கு ஜகாத் உண்டா?' என்று கேள்வி வரும். அதற்கு ஓர் ஆலிமைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு உங்களுடையது, தீர்ப்பு அவருடையது. இரண்டு பேரும் சேர்ந்தால்தான் பாடம் முழுமை.

வாட்ஸ்அப்பில் வந்ததை ஆதாரமாகக் காட்டாதீர்கள். இன்ன விஞ்ஞானி இப்படிச் சொன்னார், இன்ன நடிகர் இஸ்லாத்தைத் தழுவினார் என்று சுற்றி வருவதை மேடையில் சொல்லிவிட்டால், கூட்டத்தில் இருக்கும் ஒரு மாணவன் அங்கேயே தேடிப் பார்த்துவிடுவான். அது பொய் என்று தெரிந்த பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் அவன் நம்பமாட்டான். அந்தப் பையனை அந்த நிமிடத்தில் நாம் இழந்துவிட்டோம்!

7. வாதம் உண்டு, வசை இல்லை

யூதர்களிடையேயும் பிரிவுகள் பல. கண்டிப்பான ஆசாரப் பிரிவினர் உண்டு, சீர்திருத்தப் பிரிவினர் உண்டு, வழிபாடே செய்யாதவர்களும் உண்டு. எல்லோரும் ஒரே கூரையின் கீழ் வருவது எளிதாக நடந்துவிடவில்லை. 2013 டிசம்பரில் பிரிட்டன் யூதர்களின் தலைமை ரப்பி மிர்விஸ் அந்த மாநாட்டுக்குச் சென்றார். பதவியில் இருக்கும் தலைமை ரப்பி அங்கே சென்றது அதுவே முதல் முறை. ஆசாரப் பிரிவின் ரப்பிகள் சிலர் பகிரங்கமாக எதிர்த்தார்கள். அவர் போனார், பேசினார். தம் கொள்கையை விட்டுவிட்டா போனார்? இல்லை. கொள்கையோடுதான் போனார்.

எந்தப் பிரிவையும் சரி என்றோ தவறு என்றோ முத்திரை குத்துவது மாநாட்டின் வேலை அல்ல என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட நெறி. இறைவனுக்காக வாதிடுவது வேறு, ஜெயிப்பதற்காக வாதிடுவது வேறு என்று அவர்களுடைய பழைய ஞானிகள் பிரித்துக் காட்டியதை அவர்கள் அடிக்கடி நினைவூட்டிக்கொள்கிறார்கள்.

நமது நிலைமையை நான் விளக்க வேண்டியதில்லை. கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் ஷாஃபி, மதுரைப் பக்கம் பெரும்பாலும் ஹனஃபி. தொழுகையில் கையை எங்கே கட்டுவது என்ற கேள்விக்காக ஊர் இரண்டான கதைகள் தமிழகத்தில் உண்டு. கற்றல் அரங்கில் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள், ஆதாரத்தோடு சொல்லுங்கள். மாற்றுக் கருத்தையும், அதை உடையவர் 'ஆமாம், நான் சொல்வது இதுதான்' என்று ஒப்புக்கொள்ளும்படி சொல்லுங்கள். ஆளின் பெயரைச் சொல்லித் தாக்காதீர்கள். அங்கே சகோதர சமுதாயத்து மக்களும் வந்து உட்காருவார்கள், உட்கார வேண்டும். அவர்கள் முன்னால் பேச முடியாத ஒரு பேச்சு, அவர்கள் இல்லாதபோதும் பேசத் தகாத பேச்சுதான்.

8. கடை விரிக்காதீர்கள்

அமர்வு என்பது விளம்பர மேடை அல்ல. துணிக்கடைக்காரர் துணியின் தரம் பார்க்கக் கற்றுக்கொடுக்கலாம், தன் கடையின் தள்ளுபடியைச் சொல்லக் கூடாது. நிலத் தரகர் பத்திரமும் பட்டாவும் படிக்கக் கற்றுக்கொடுக்கலாம், மனை விற்கக் கூடாது. இயக்கத் தோழர்களே, உங்களுக்கும்தான் சொல்கிறேன்! சந்தா புத்தகத்தை அறைக்குள் எடுத்து வராதீர்கள். கற்றுக்கொள்ள வந்தவனிடம் கையெழுத்துக் கேட்டால், அடுத்த முறை அவன் தெருவிலேயே நம்மைப் பார்த்துத் திரும்பிப் போய்விடுவான். நாம் கற்றுக்கொடுத்தது பயன்பட்டால் அவனாகவே தேடி வருவான்.

உங்கள் அமர்வு முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். பேசிவிட்டு உடனே காரில் ஏறும் பேச்சாளர்களை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். அடுத்த அறையில் உங்களைவிட வயதில் சிறியவர் பேசிக்கொண்டிருப்பார். போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள், தாளை வாங்குங்கள், ஒரு கேள்வி கேளுங்கள். காலையில் தனக்குப் பாடம் சொன்ன அண்ணன் மாலையில் தன் முன்னால் மாணவராக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும் அந்த இளைஞனுக்கு எத்தனை பெரிய தைரியம் வரும்!

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள்

சகோதரர்களே! சகோதரிகளே! ஒவ்வொருவரும் மூன்றைக் கொண்டுவர வேண்டும். ஒன்று, தலைப்பும் நான்கு வரி விளக்கமும். இரண்டு, கையில் கொடுக்கப் போகும் அந்த ஒரு பக்கத் தாள். மூன்று, உங்கள் அமர்வைக் கேட்டுவிட்டுப் போகிறவர் மறுநாள் காலையில் எதைச் செய்வார் என்பதற்கு ஒரே வரியில் பதில். மூன்றாவதற்குப் பதில் கிடைக்கவில்லை என்றால் தலைப்பை மாற்றுங்கள்.

தாளை வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவனுக்கு எங்கே புரியவில்லையோ அங்கே மாற்றி எழுதுங்கள். கணக்கில் வரும் எண்களை இன்னொருவரிடம் காட்டிச் சரிபாருங்கள். வசன எண்களை ஓர் ஆலிமிடம் காட்டுங்கள்.

நம்மைத் தேடி வரும் இளைஞன் ஒரு முறை வருவான். வந்த இடத்தில் ஒன்று கிடைத்தால் மறுபடி வருவான், தோழனையும் அழைத்து வருவான். கிடைக்கவில்லை என்றால் அவனுக்கு வேறு வாசல்கள் ஆயிரம் திறந்திருக்கின்றன. அவற்றில் பல, அவன் வாழ்க்கையைக் கெடுக்கும் வாசல்கள். அவன் தரும் அந்த 45 நிமிடத்தை வீணாக்காதீர்கள். நமது கையில் கூலி எதுவும் வைக்கப்படவில்லை, அவனுடைய நேரம் வைக்கப்பட்டிருக்கிறது.

அந்த அமானிதத்தைக் குறைவின்றி ஒப்படைக்கும் பாக்கியத்தை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக!